உள்ளே ஒரு தோல்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், உறுப்பினர் ஒருவரின் மகள் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் அக்கா போன் செய்து, "நீ லேப்ல வேலை செய்யறியேம்மா, உடம்பைப் பத்தி ஒரு அரை மணி நேரம் பேசேன்" என்றார்கள். "நான் டாக்டர் இல்லையே அக்கா" என்றேன். "டாக்டர் வந்தா எங்களுக்குக் கேள்வி கேக்க பயம். நீ நம்ம வீட்டுப் பிள்ளை, வா" என்றார்கள். அந்த உரிமையில்தான் வந்து நிற்கிறேன்.

முதலில் ஒரு கடனைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் முதன்முதலில் 1989-ல் நம் மண்ணில்தான் ஆரம்பித்தன. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, அன்றைய தர்மபுரி மாவட்டத்தில். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது அதில்தான் இருந்தன. 2004-ல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அப்படி வந்த குழுக்களில் ஒன்றில் என் அம்மாவும் சேர்ந்தார். கையெழுத்துப் போடப் பழகினார். நான் லேப் டெக்னீசியன் படிப்பில் சேர்ந்தபோது முதல் வருடப் பீஸ், குழுவின் உள்கடனில் கட்டியது. அசலை அம்மா அடைத்துவிட்டார். வட்டிக்கு இந்தப் பேச்சை வரவு வைத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை

லேப் என்றால் ரத்தம், சிறுநீர் பார்ப்பது என்று நினைப்பீர்கள். நான் இருப்பது திசுப் பகுதி. எண்டோஸ்கோப்பி செய்யும்போது வயிற்றிலிருந்தோ, தொண்டையிலிருந்தோ ஒரு துணுக்கு எடுத்து அனுப்புவார்கள். துவரம்பருப்பில் பாதிகூட இருக்காது. பார்மலின் என்ற மருந்துத் தண்ணீரில் மிதந்துகொண்டு வரும். அதிலுள்ள நீரைப் போக்கி, மெழுகு ஏற்றி, ஒரு சின்னக் கட்டியாக்குவோம். அந்தக் கட்டியை மைக்ரோடோம் என்ற கருவியில் வைத்துச் சீவ வேண்டும். ஒரு சீவல் 4 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் பதினைந்து சீவல் அடங்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் ஏந்தி எடுத்து, இரண்டு சாயம் போடுவோம். ஒன்று ஊதா. அது ஒரு மரத்தின் வைரக்கட்டையிலிருந்து எடுக்கிற சாயம். இன்னொன்று ரோஸ். அப்புறம் பேத்தாலஜி டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, என்ன நோய் என்று எழுதுவார். நான் சீவிக் கொடுப்பவள்தான். நோயைச் சொல்வது அவர் வேலை.

ஆனாலும் பதினோரு வருடமாக ஆயிரக்கணக்கில் சீவிச் சாயம் போட்டவளுக்கு ஒன்று மட்டும் நன்றாகத் தெரிந்துபோனது. உடம்பு ஒரே துணியால் தைத்தது இல்லை.

நான்கு விதத் துணி

செல் என்பது நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல் சேர்ந்து நெய்த துணிதான் திசு. தார்ப்பாய்க்கு ஒரு நெசவு, தேங்காய்ப்பூத் துண்டுக்கு ஒரு நெசவு, மல் துணிக்கு ஒரு நெசவு. தார்ப்பாயால் தலை துவட்ட முடியாது. மல் துணியைக் கல்லுக்கு மேல் விரித்தால் கிழிந்துபோகும். உடம்பும் அப்படித்தான்.

நம் வெளித்தோல் உதட்டோடு முடிந்துவிடுவதில்லை. மடிந்து உள்ளே போகிறது. உள்ளே போனதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று காற்று போகிற வழி, மற்றொன்று சோறு போகிற வழி. இரண்டு வழிக்கும் உள்ளே ஒரு தோல் உண்டு. வெளியிலிருந்து வருகிற தூசி, புகை, காரம், கிருமி எல்லாம் முதலில் தொடுவது அந்த உள்தோலைத்தான். நமக்கு அடிக்கடி வருகிற இருமல், சளி, இழுப்பு, நெஞ்செரிச்சல், வயிற்றுப்போக்கு எல்லாமே பெரும்பாலும் அங்கே நடக்கிற தகராறுதான்.

வாயிலிருந்து உணவுக்குழாய் முடிய இருப்பது தார்ப்பாய் மாதிரி. பல அடுக்குத் தோல். முறுக்கைக் கடித்து விழுங்கினாலும் உரசலைத் தாங்கும். இரைப்பையின் உள்ளே ஒரே அடுக்குதான். அதன்மேல் கெட்டியான கோழை பூசியிருக்கும். சிறுகுடல், தேங்காய்ப்பூத் துண்டு. துண்டில் நூல் சுருள்சுருளாக நிற்கிறதே, அப்படிக் குடலின் உள்ளே லட்சக்கணக்கில் குட்டி விரல்கள் நிற்கின்றன. சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுவது அவைதான்.

மூச்சுக்குழலில் இருப்பது பிரஷ். ஒவ்வொரு செல்லின் தலையிலும் நுண்மயிர் இருக்கும். காற்றில் ராகிப் பயிர் அலையடிக்கிற மாதிரி, நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் ஒரே பக்கமாக அசையும். இடையிடையே கோழை சுரக்கும் செல்கள். கோழையில் தூசி ஒட்டும். நுண்மயிர் அதைத் தொண்டை வரை தள்ளிக்கொண்டு வரும். கடைசியில் நுரையீரலின் காற்றறைகள். முப்பது கோடிக்கு மேல் இருக்கின்றன. அங்கே இருப்பது மல் துணியைவிட மெல்லியது, ஒரு மைக்ரானுக்கும் குறைவு. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் 70 சதுர மீட்டர் வரும், ஒரு சின்ன வீட்டின் தரை அளவு. அவ்வளவு மெல்லியதாக இருந்தால்தான் காற்று ரத்தத்துக்குள் போக முடியும்.

அடுப்புப் புகை

விறகடுப்புப் புகையோ பீடிப் புகையோ வருடக்கணக்கில் பட்டால் பிரஷ்ஷின் மயிர் உதிர்கிறது. கோழைச் செல்கள் பெருகுகின்றன. கோழை அதிகம், தள்ள ஆள் இல்லை. அப்புறம் என்ன ஆகும்? காலையில் எழுந்ததும் இருமி இருமித்தான் வெளியே எடுக்க வேண்டும். "எனக்கு இது பழைய இருமல், ஒண்ணும் இல்ல" என்று சொல்கிற அம்மாக்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். நுண்மயிர் செய்ய வேண்டிய வேலையை இருமல் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"நான் பீடி, சிகரெட் தொட்டதில்லையே, எனக்கு எதுக்கு நுரையீரல் நோய்?" என்று கேட்பீர்கள். இந்தக் கேள்விக்கு 1950-களிலேயே ஒரு பெண் பதில் சொல்லியிருக்கிறார். டாக்டர் எஸ். பத்மாவதி. பர்மாவில் பிறந்து, போர்க்காலத்தில் குடும்பம் கோயம்புத்தூருக்கு வந்தது. இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர் என்று பெயர் பெற்றவர். நுரையீரல் கெட்டு, அதனால் இதயமும் கெட்டு வருகிற நோயாளிகளை டில்லியில் கவனித்தபோது, புகைபிடிக்காத பெண்களும் நிறையப் பேர் இருப்பதைக் கண்டார். வீட்டு அடுப்பின் புகையைத்தான் காரணமாகக் காட்டினார். நம் மாநிலத்திலும் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் சமையலறைப் புகையை அளந்து பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்.

இதில் நல்ல சேதி ஒன்று உண்டு. பிரஷ் திரும்ப வளரும். புகையை விட்டுவிட்டால் சில மாதங்களில் நுண்மயிர் மறுபடி வேலை செய்ய ஆரம்பிக்கும். கேஸ் இருந்தும் குளிக்கத் தண்ணீர் காய்ச்ச, களி கிளற விறகு வைப்பவர்கள், அந்த அடுப்பையாவது வீட்டுக்கு வெளியே, திறந்த இடத்தில் வையுங்கள். பச்சைக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊதாதீர்கள்.

ஆஸ்துமாவைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் மூச்சுக்குழலின் உள்தோல் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்கிறது. இன்ஹேலர் மருந்து நேராக அந்தத் தோலுக்கே போகிறது. மாத்திரையைவிட மருந்தின் அளவும் குறைவு. "பம்ப் வெச்சா பழகிடும், பொண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது" என்று ஒளித்து வைக்காதீர்கள்.

கல்தூசி

இப்போது சொல்லப்போவதைச் சின்னம்மாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

என் சித்தப்பா கிரானைட் பாலிஷ் பட்டறையில் பதினான்கு வருடம் வேலை செய்தார். பெரிய கல்லைத் தூக்குகிற வேலை இல்லை. ஓரம் தேய்க்கிற வேலை. கையில் கிரைண்டர், தண்ணீர் விடாமல் உலர்வாகத் தேய்ப்பது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். நாங்கள் சின்னப் பிள்ளைகள், "சித்தப்பா தாத்தா ஆயிட்டாரு" என்று சிரிப்போம். சின்னம்மா சட்டையை வாசலில் உதறித் துவைக்கப் போடுவார்.

கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது. அதுதான் சிலிக்கா. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் மூச்சுக்குழலிலும் மாட்டிக்கொள்ளும், பிரஷ் அதைத் தள்ளிவிடும். 5 மைக்ரானுக்கும் சிறிய தூசி கண்ணுக்குத் தெரியாது. பிரஷ்ஷுக்கும் தப்பி மல் துணி வரை போய்விடும். அங்கே துப்புரவுச் செல்கள் இருக்கின்றன. வருகிற தூசியை விழுங்கிச் சுத்தம் செய்வது அவற்றின் வேலை. சிலிக்காவை விழுங்கினால் செல்லே செத்துப்போகிறது. செத்த செல்லிலிருந்து தூசி வெளியே வரும், அதை அடுத்த செல் விழுங்கும், அதுவும் சாகும். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் தழும்பு விழும். நான் படிக்கும்போது பாடத்துக்காக ஒரு ஸ்லைடு காட்டினார்கள். நுரையீரலுக்குள் குட்டிக் குட்டிக் கட்டிகள். ஒவ்வொன்றும் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற மாதிரி வளையம் வளையமாக இருந்தது. "அழகா இருக்கே" என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அதே வெங்காயம் என் சித்தப்பாவின் நெஞ்சுக்குள் வளர்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அவருக்கு முதலில் வறட்டு இருமல். அப்புறம் படி ஏறினால் மூச்சு வாங்கியது. எக்ஸ்ரேயில் புள்ளி புள்ளியாக இருந்தது. டி.பி. என்றார்கள். சளியில் கிருமி இல்லை, ஆனாலும் ஆறு மாதம் மாத்திரை. சரியாகவில்லை. வேறு இடத்தில் மறுபடியும் டி.பி. மாத்திரை. எங்குமே "என்ன வேலை பார்க்கிறாய்?" என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. வேலைக்கும் நோய்க்கும் சம்பந்தம் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

கடைசியில் பெங்களூருக்குக் கூட்டிப் போனோம். அங்கே ஒரு வயதான டாக்டர், படத்தைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன்பே, "நீவு ஏன் கெலச மாட்தீரி?" என்று கேட்டார். நம் எல்லைப்பக்கத்துக்காரருக்குக் கன்னடம் தெரியாதா? சித்தப்பா, "கல்லு கெலச சார்" என்றார். டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகுதான் படத்தைப் பார்த்தார். சிலிகோசிஸ். எக்ஸ்ரேயும், எத்தனை வருடம் என்ன வேலை செய்தார் என்பதும் போதும், பெரும்பாலும் சதையை வெட்டி எடுத்துப் பார்க்கவே தேவையில்லை என்றார். இந்த நோய்க்கு அந்த ஒரு கேள்வியே பாதிப் பரிசோதனை.

இதைக் குணமாக்கும் மருந்து இன்றைக்கும் இல்லை. வேலையை விட்ட பிறகும் தழும்பு வளரும். டி.பி. வரும் ஆபத்தும் மற்றவர்களைவிட அதிகம். சித்தப்பா 46 வயதில் போய்விட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிலிகோசிஸ், அப்போதிருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் இருந்த நோய். அப்போதைய தொழிற்சாலைகள் சட்டத்தின்படி அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டியிருந்த நோயும்கூட. சின்னம்மா கேட்கப் போனார். "உங்க வீட்டுக்காரர் அங்க வேலை செஞ்சதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். பதினான்கு வருடம் சம்பளம் கையில்தான் வாங்கினார். அடையாள அட்டை இல்லை, சீட்டு இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை. நெஞ்சுக்குள் ஆதாரம் இருந்தது. காகிதத்தில் இல்லை.

சோற்று வழி

இனி வயிறு. இதில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு மேல் வயிற்றில் வலி, எரிச்சல். முட்டி வலிக்கு வலி மாத்திரை தினமும் போடுவார். வயிறு எரிந்தால் அதற்கு ஒரு மாத்திரை. இரண்டையும் மூன்று வருடம் மெடிக்கலில் வாங்கிக் கொடுத்தது நான்தான். ஊரார் வயிற்றைத் தினமும் சீவிச் சாயம் போடுகிறவள், என் அம்மாவின் வயிற்றை ஒரு தடவை பார்க்கச் சொல்லவில்லை.

ஒருநாள், "மலம் தார் மாதிரி கருப்பா போகுதுடி" என்றார். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கருப்பாகப் போகும். அம்மா அது சாப்பிடவில்லை. அப்படியானால் உள்ளே ரத்தம் கசிகிறது. மறுநாளே எண்டோஸ்கோப்பி செய்தோம். இரைப்பையில் புண். துணுக்கு எடுத்தார்கள். அது எங்கள் லேபுக்கே வந்தது.

"வேற ஆளை விட்டுச் சீவச் சொல்லட்டுமா?" என்று டாக்டர் கேட்டார். "நானே செய்யறேன் மேடம்" என்றேன். முதல் சீவல் கிழிந்துபோனது. கை நடுங்கினால் அது தெரிந்துவிடும். இரண்டாவதும் போனது. மூன்றாவதுதான் ஒழுங்காக வந்தது. சாயம் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன். சாயம் போடுகிற அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொரு பாட்டிலுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் இப்படித்தானே காத்திருக்கும்!

டாக்டர் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினார். "பாரு, கோழைக்குள்ள குட்டிக் குட்டியா வளைஞ்சு இருக்கு. ஹெலிகோபாக்டர். கேன்சர் இல்லை."

இந்தக் கிருமிக்கு ஒரு கதை உண்டு. ரொம்ப காலம் வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் கவலையும் காரமும் அமிலமும் என்றே உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1979-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற பேத்தாலஜி டாக்டர், எங்களைப் போன்றவர்கள் சீவிக் கொடுத்த வயிற்றுத் துணுக்கில் இந்த வளைந்த கிருமிகளைப் பார்த்தார். அமிலத்தில் கிருமி வாழாது என்று மற்றவர்கள் நம்பவில்லை. அவரோடு சேர்ந்த பாரி மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தானே குடித்தார். சில நாளில் வயிறு கெட்டது. துணுக்கு எடுத்துப் பார்த்தால் உள்தோல் வீங்கியிருந்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

என் அம்மாவுக்கு இரண்டு விதக் கிருமிக்கொல்லி, ஓர் அமிலக் குறைப்பு மருந்து, 14 நாள். வலி மாத்திரையை நிறுத்தினார்கள். அந்த மாத்திரைகள் வயிற்றின் கோழைப் பூச்சைக் குறைத்துவிடும். கிருமி ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம் என்று புண் வந்திருக்கிறது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது புண் ஆறியிருந்தது. அதோ, பொருளாளர் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னைப் பத்திப் பேசாதே" என்று முறைத்துக்கொண்டிருக்கிறார்.

குழந்தைகளுக்கு வருகிற வயிற்றுப்போக்கும் உள்தோல் சமாச்சாரம்தான். அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் துண்டின் சுருள்கள் தேய்ந்து, நைந்த துண்டு மாதிரி ஆகிவிடும். என்ன ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது. "நல்லாத்தான் சாப்பிடறான், தேற மாட்டேங்கறான்" என்கிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம். குடலின் செல்கள் நாலைந்து நாளுக்கு ஒருமுறை புதிதாகப் பிறப்பவை. நாம் கொஞ்சம் உதவினால் போதும். ஓ.ஆர்.எஸ். கரைசல், தாய்ப்பாலும் சாப்பாடும் நிறுத்தாமல், கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் இலவசமாகக் கிடைக்கும். போக்கு இரண்டு நாளில் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். மிச்ச நாள்தான் தேய்ந்த சுருள் வளர்கிற நாள்.

தோல் வேஷம் மாறினால்

நான் இத்தனை வருடத்தில் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இனிமேல்தான் வருகிறது.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடி விழுந்தால் உள்தோல் என்ன செய்யும்? முதலில் வீங்கும், எரியும், இருமும். அப்போதும் அடி நிற்கவில்லை என்றால், தன் நெசவையே மாற்றிக்கொள்ளும். புகை பட்ட மூச்சுக்குழலில் பிரஷ் போய்த் தார்ப்பாய் வந்துவிடும். தார்ப்பாய் புகையைத் தாங்கும், ஆனால் தூசியைத் தள்ளாது. உணவுக்குழாயில் இதற்கு நேர்மாறு. வயிற்று அமிலம் வருடக்கணக்கில் மேலே ஏறி வந்தால், சிலருக்குத் தார்ப்பாய் போய், குடலில் இருக்க வேண்டிய நெசவு அங்கே வந்துவிடும். புகையிலை அடக்குகிற வாயில் தோல் தடித்து வெள்ளைத் திட்டு விழும். எங்கள் லேபுக்கு வருகிற வாய்த் துணுக்குகளில் பெண்களுடையதும் இருக்கின்றன. வெற்றிலையோடு புகையிலை போடுகிற அம்மாக்கள், கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேஷம் மாறிய இடம் உடனே புற்றுநோய் ஆகிவிடாது. ரொம்பப் பேருக்கு ஆகவே ஆகாது. ஆனால் ஆகிறவர்களில் பலருக்கு அந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களுக்கு வருகிற முக்கியப் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோயும் ஒன்று. அந்த வளைந்த கிருமி அதற்கும் ஒரு காரணம்.

இதில் ஏமாற்றம் என்னவென்றால், வேஷம் மாறிய தோலுக்கு அமிலம் அவ்வளவாக உறைக்காது. சிலருக்கு எரிச்சல் குறைந்துகூடப் போகும். "இப்போ பரவாயில்லைக்கா, பழகிடுச்சு" என்பார்கள். நாம் எல்லாவற்றுக்கும் சொல்கிற வார்த்தை அது. புகை பழகிடுச்சு, வலி பழகிடுச்சு, தூசி பழகிடுச்சு. சித்தப்பாவும் அதைத்தான் சொன்னார். உள்ளே பார்க்கிற வேலையில் இருக்கிறவள் என்பதால் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் உடம்பில் ஒன்று பழகிவிட்டது என்று தோன்றினால், அன்றைக்கே ஒருவரிடம் காட்டுங்கள். பிரஷ் திரும்ப வளரும், துண்டு வளரும், வயிற்றுப்புண் ஆறும். தழும்பு மட்டும் திரும்பாது. நம் கையில் இருப்பது தழும்புக்கு முந்திய காலம்தான்.

குழுவில் நாம் செய்யக்கூடியது

பயமுறுத்திவிட்டுப் போக வரவில்லை. நம்மால் ஆவதைச் சொல்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை. காசு கிடையாது. டி.பி. என்றால் மருந்து இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும். ஆனால் டாக்டர் கேட்காவிட்டாலும், "எங்க வீட்டுக்காரர் கல் வேலை", "நான் இத்தனை வருஷம் இந்தக் கம்பெனியில தூசியில வேலை" என்று நீங்களே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

சாப்பாடு விழுங்கும்போது அடைத்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், மலம் தார் மாதிரி போனால், ரத்தமோ காப்பித்தூள் மாதிரியோ வாந்தி வந்தால் மெடிக்கலுக்குப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வலி மாத்திரையைக் கேட்டு வாங்கித் தினமும் போடாதீர்கள்.

கல் பட்டறைக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால், தண்ணீர் விட்டுத் தேய்க்கச் சொல்லிக் கேளுங்கள். தண்ணீர் பட்டால் தூசி பறப்பது பெருமளவு குறையும். கைக்குட்டை கட்டினால் அந்த நுண்தூசி நிற்காது, அதற்கான என்-95 மாஸ்க் வேண்டும். வேலைச் சட்டையை உதறாதீர்கள். வாளித் தண்ணீரில் நனைத்துவிட்டுத் துவையுங்கள். சின்னம்மா சொல்லச் சொன்னது இது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் பார்க்கிற மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் நம் குழுக்களிலிருந்து போனவர்கள்தான். அவர்கள் வரும்போது இருமலையும் வயிற்றையும்கூடச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. சேமிப்பையும் கடனையும் ஒரு ரூபாய் விடாமல் நோட்டில் எழுதுகிறவர்கள் நாம். அந்த நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு உறுப்பினர் வீட்டிலும் யார், எங்கே, என்ன வேலை, எந்தத் தேதியிலிருந்து, அங்கே தூசியா, புகையா, மருந்தா? அடையாள அட்டை, சம்பளச் சீட்டு இருந்தால் நகல் எடுத்து ஒட்டுங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று பாருங்கள். சிப்காட்டுக்கு ஷிப்ட் போகிற பெண்கள், ரோஜாத் தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர்கள், மாங்கூழ்த் தொழிற்சாலைக்கு சீசன் வேலைக்குப் போகிறவர்கள், எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோர் பெயரும் அதில் வரட்டும். மாதக் கூட்டத்தில் கையெழுத்தோடு எழுதி வைத்தால், "என்ன ஆதாரம்?" என்று நாளைக்கு யாராவது கேட்கும்போது எடுத்துக் காட்ட நம் கையில் ஒரு காகிதமாவது இருக்கும்.

இதை இன்றைய கூட்டத்தின் தீர்மானமாக எழுதும்படி செயலாளர் அக்காவைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் பெயரைச் சின்னம்மா சொல்லட்டும். சித்தப்பா பெயரும், அந்தப் பதினான்கு வருடமும் அந்த நோட்டின் முதல் வரியில் இருக்கட்டும்.